மஞ்சள் வயரும் சிவப்பு வயரும்

காரோடு வந்த ரேடியோவை எடுத்துவிட்டு, புதிதாக வாங்கியதை நானே பொருத்தி முடித்திருக்கிறேன். டேஷ்போர்டின் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கிளிப் இருக்கும் இடம் பார்த்து, பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல நெம்பினால் வந்துவிடும். அளவிலும் குழப்பமில்லை: ரேடியோவின் முகப்புக்கு டின் (DIN) என்ற பொது அளவு உண்டு; ஒற்றை டின் 180க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180க்கு 100. கவனம் முழுவதும் தேவைப்படுவது பின்னால் இருக்கும் வயர்களில்தான்.

புதிய ரேடியோவின் வயர்களுக்குப் பொதுவான நிற வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயர், சிவப்பு சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது, கறுப்பு எர்த், அதாவது காரின் பாடியோடு சேர்வது. கார் பக்கத்து வயர்களுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த நிறத்தைப் போடுகிறது. அதனால் நிறத்தை நம்பாதீர்கள், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை நம்புங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பழைய ரேடியோவை வெளியே எடுத்தேன். அளந்து பார்ப்பதற்காக மட்டும் முனையை மறுபடி மாட்டினேன். மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால், காரின் வயர்கள் வந்து சேரும் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னையும் தொட்டேன். சாவி இல்லாதபோதும் 12.5 வோல்ட் காட்டியது ஒன்று. மஞ்சளுக்கு அதுதான் ஜோடி. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் இன்னொன்று விழித்துக்கொண்டது, அது சிவப்புக்கு. ஐஎஸ்ஓ (ISO) என்ற பொதுத் தரத்தில் அமைந்த சாக்கெட்டில் இவை முறையே 4, 7 ஆகிய பின்களில் வர வேண்டும். சில கார்களில் இடம் மாறியிருக்கும். அது தெரியாமல் மாட்டினால், சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரமும் சேமித்த நிலையங்களும் அழிந்துவிடும். அதற்குப் பயந்து ரேடியோவின் மஞ்சள், சிவப்பு இரண்டையும் காரில் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரோடு சேர்த்து முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரேடியோவை அணைக்க மறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இணைப்புக்கு முன் நெகட்டிவ் முனையைத் திரும்பவும் கழற்றினேன். முறுக்கி டேப் சுற்றுவதை நான் இணைப்பாகவே மதிப்பதில்லை. வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகி, சுற்று தானாகப் பிரிந்துவிடும். எல்லா வயரையும் கிரிம்ப் செய்து (சிறு உலோகக் குழாய்க்குள் விட்டு இடுக்கியால் நசுக்கி), ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.

ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரை எக்காரணம் கொண்டும் எர்த்தில் சேர்க்கக் கூடாது. இன்றைய ரேடியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே மின்னழுத்தம் இருக்கிறது. எது பாசிட்டிவ் என்று தெரியாவிட்டால், ரேடியோவோடு சேராத நிலையில், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அந்த வயர்களில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ‘டப்’ என்று ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் எகிறினால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட வயர்தான் பாசிட்டிவ். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால் பேஸ் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட். கார் ஒன்றுக்கு அது தாராளம்.

சட்டத்தை மூடும் முன்பே, ஒலியை இடம் வலமாக மாற்றும் பேலன்ஸையும் முன் பின்னாக மாற்றும் ஃபேடரையும் நகர்த்தி, நான்கு மூலையும் தனித்தனியாகப் பேசுகிறதா என்று கேட்டுவிட்டேன். வயர்க் கற்றையில் துணி டேப் சுற்றியிருப்பதால் மேடு பள்ளத்தில் சடசடப்பும் இல்லை. அடுத்து ரிவர்ஸ் கேமரா மாட்டப் போகிறேன்.