பகுதி மூன்றில் ஒரு வரி

ஜூன் 19

ஐந்தாம் பருவத்துக்கான எலெக்டிவ் (விருப்பப் பாடம்) பட்டியலை இன்று துறைப் பலகையில் ஒட்டினார்கள். வேளாண்மைப் பொருளியல் அல்லது சந்தையியல், இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும். பாடத்திட்டப் புத்தகத்தில் மூன்றாவதாக எக்கனாமெட்ரிக்ஸும் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் அளக்கும் பாடம்) இருக்கிறது, ஆனால் நடத்த ஆள் இல்லை. அதை எடுத்துவந்த சார் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேப்பர் அச்சில் மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு அது வேண்டும். எம்.ஏ. பொருளியல் படிக்க டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் மாதிரி இடத்துக்குப் போகவேண்டும் என்றால் சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். உள்ளே போனபிறகும் ரெக்ரஷனை, அதாவது ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் முறையை, 'அ'னாவிலிருந்து சொல்லித்தர யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டாம் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. பட்டியலில் இல்லாமல் போவதும் அப்படிச் சொல்வது போலத்தான்.

மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில், ஐ.ஐ.டி.களின் என்பிடெல் திட்டம் நடத்தும் 12 வார எக்கனாமெட்ரிக்ஸ் பாடம் ஜூலையில் தொடங்குகிறது. படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுத மட்டும் 1000 ரூபாய். அதை எழுதித் தேறினால் இந்த எலெக்டிவின் இடத்தில் வைத்துக்கொள்வார்களா என்று நாளைக்குக் கேட்கப்போகிறேன்.

ஜூன் 20

எச்.ஓ.டி. (துறைத்தலைவர்) மேடம் உடனே, "தாராளமா எடும்மா, எக்ஸ்ட்ரா கிரெடிட் போட்டுடலாம்" என்றார். சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். வராந்தாவில் போன வருடம் முடித்த அக்காவைப் பார்த்தேன், மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அவரும் ஸ்வயத்தில் 8 வாரப் பாடம் ஒன்று முடித்தவர். தன் மதிப்பெண் பட்டியலைக் காட்டினார். பகுதி மூன்றில், அதாவது மேஜர் பேப்பர்களுக்கு நடுவில், அது இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே 'கூடுதல் கிரெடிட்' என்று தனியாக நின்றது. பட்டத்துக்குத் தேவையான 140 கிரெடிட்டில் அது சேராது, சராசரியிலும் வராது. தன் எலெக்டிவையும் அவர் வழக்கம்போல எழுதித்தான் முடித்திருக்கிறார்.

கிரெடிட் ஏறுவது வேறு, மேஜருக்குள் ஏறுவது வேறு. இது இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஜூன் 24

யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறையை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். ஸ்வயம் பாடங்களுக்கான முதல் ஒழுங்குமுறை 2016-இல் வந்திருக்கிறது. அப்போது ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரைதான் அனுமதி. 2021-இல் அதை 40 சதவீதமாக உயர்த்தினார்கள். எந்தக் காரணங்களுக்காக ஒரு கல்லூரி இணையப் பாடத்தை ஏற்கலாம் என்றும் அதில் இருக்கிறது. பாடம் நடத்தத் தகுந்த ஆசிரியர் இல்லாதது ஒரு காரணம். மாணவர்கள் கேட்கும் எலெக்டிவ் கல்லூரியில் இல்லாமல் ஸ்வயத்தில் இருப்பது இன்னொன்று. என் நிலைமை இரண்டிலும் அப்படியே பொருந்துகிறது. ஸ்வயத்தில் பெற்ற கிரெடிட்டை மாற்றித்தர எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது.

ஆனால் கல்லூரியின் பாடங்களை முடிவுசெய்யும் கல்விக்குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாடமாக இருக்கவேண்டும். படித்து முடித்துவிட்டுச் சான்றிதழை நீட்டினால், அந்த அக்காவுக்குக் கிடைத்த இடம்தான் எனக்கும் கிடைக்கும்.

ஜூன் 26

கடிதம் எழுதிக்கொண்டு போனேன். மேடம் முழுக்க வாசித்தார். "எக்ஸ்ட்ரா வேண்டாம், எலெக்டிவாவே வேணும்னு கேக்குற. சரி, ரெண்டு சிலபஸையும் பக்கத்துல வச்சு எழுதிக் கொண்டா. போர்டுல நான் பேசணும்ல" என்றார்.

எங்கள் பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள், அவர்களுடையது 12 வாரம். பெரிய தாளில் நடுவில் கோடு போட்டு எழுதினேன். எளிய ரெக்ரஷன், பல மாறிகள் கொண்ட ரெக்ரஷன், மல்டிகொலினியாரிட்டி, ஹெட்டரோசெடாஸ்டிசிட்டி, ஆட்டோகோரிலேஷன், டம்மி மாறிகள் எல்லாமே வலப்பக்கமும் இருந்தன. லேக் மாறிகள் (முந்தைய காலத்தின் மதிப்புகள்) மட்டும் அங்கே இல்லை. அதை மறைக்க மனம் வரவில்லை, சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன். "அதை நான் ரெண்டு கிளாஸ் எடுத்துடறேன்" என்றார் மேடம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எந்நாளும் மறக்கமாட்டேன்.

ஜூலை 14

பாடக்குழுவிலும் கல்விக்குழுவிலும் நிறைவேறிவிட்டது. "எக்கனாமெட்ரிக்ஸ் எலெக்டிவுக்கு (4 கிரெடிட்) இணையாக" என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். நகல் கேட்டேன். எதற்கு என்று பார்த்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 17

வாரத்துக்கு ஒரு அசைன்மென்ட். 12-இல் சிறந்த 8-ஐத்தான் சராசரிக்கு எடுப்பார்கள். கல்லூரியில் இன்டர்னல் தேர்வு நடந்த வாரம் ஒன்று போய்விட்டது, பரவாயில்லை.

இன்று அம்மாவின் பீடிப் பாஸ் புத்தகத்தை எடுத்து, நாள்வாரியாக எத்தனை பீடி சுற்றினார் என்பதைக் கணினியில் ஏற்றினேன். விசேஷ நாளுக்கு ஒரு டம்மி மாறி (ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0), இலை சரியில்லை என்று அம்மா சொன்ன நாட்களுக்கு ஒன்று. இலைக்கான கெழு, அதாவது அந்த நாட்களில் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பது, எதிர்மறையாக வந்தது. காட்டினேன். "ஏட்டி, இலை மோசம்னா எண்ணம் குறையும்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். எத்தனை குறையும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இலை மோசமான நாட்களின் கூலியை எழுதித் தரச் சொன்னார்.

செப்டம்பர் 5

பெயரில் சிக்கல். கல்லூரிப் பதிவேட்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் இனிஷியல் மட்டும் இருக்கிறது. ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். பெற்ற கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கை, அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கர் வழியாகத்தான் திறந்தேன், அதனால் அந்தக் கணக்கின் 12 இலக்க எண்ணோடு ஆதார்ப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. தேர்வுப் பதிவில் எதைப் போடுகிறேனோ அதுதான் சான்றிதழில் அச்சாகும். நம் ஊரில் இனிஷியல் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளர் சாரிடம் கேட்டேன். ஆதாரில் உள்ளபடியே போடச் சொன்னார். இரண்டு பெயரும் ஒருவரே என்று கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 27

நேற்று தேர்வு. நெல்லைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், கணினியில். காலை 9 முதல் 12 வரை. அப்பா கூட வந்து வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றார். நன்றாக எழுதியிருக்கிறேன். ஆட்டோகோரிலேஷனில் ஒன்று தப்பு.

டிசம்பர் 9

அசைன்மென்ட் 25-க்கு 23, தேர்வு 75-க்கு 48. மொத்தம் 71, சான்றிதழில் 'எலீட்' என்று இருக்கிறது. எங்கள் கல்லூரியிலும் இன்டர்னல் 25, பருவத்தேர்வு 75 என்பதால் மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை.

டிசம்பர் 18

பருவ முடிவு வந்தது. எலெக்டிவுக்கு நேராக 'ஆப்சென்ட்' என்று இருக்கிறது. அரியர். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கு என் பாடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையாம். வெளியிலிருந்து வந்த முடிவும் தாமதம். வீட்டில் சொல்லவில்லை. சாப்பிடவும் முடியவில்லை.

டிசம்பர் 19

சான்றிதழ், தீர்மான நகல், பெயர்க் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் பொறுமையாகவே பார்த்தார். ஆனால் ஸ்வயம் தளத்தில் இந்தப் பாடத்துக்கு நேராக 3 கிரெடிட் என்று இருக்கிறது. "நாலு கிரெடிட் பேப்பருக்கு மூணை எப்படிம்மா ஏத்துறது?"

அவர் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஒன்று குறைந்தால் என் மொத்தம் 139. அந்த ஒன்றுக்காகப் பட்டமே நின்றுவிடும்.

சான்றிதழை மறுபடி எடுத்து வரிவரியாகப் படித்தேன். கீழே சிறிய எழுத்தில் பரிந்துரைக்கப்படும் கிரெடிட் '3 அல்லது 4' என்று அச்சாகியிருந்தது. அதாவது கல்லூரி முடிவு செய்துகொள்ளலாம். கல்லூரியோ ஜூலையிலேயே தீர்மானத்தில் 4 என்று முடிவு செய்துவிட்டது. இரண்டு தாளையும் அவர் முன்னால் அடுத்தடுத்து வைத்து, அந்த இரண்டு இடங்களிலும் விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எச்.ஓ.டி. கையெழுத்தோட ஒரு குறிப்பு வாங்கிட்டு வா" என்றார்.

மேடம் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுதிக் கொடுத்தார். லேக் மாறிகளுக்குத் தான் எடுத்த இரண்டு வகுப்பின் தேதிகளையும் அதில் சேர்த்திருந்தார். நான் அதைக் கேட்கவே இல்லை.

ஜனவரி 8

திருத்திய மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தது. பகுதி மூன்று, எலெக்டிவ், எக்கனாமெட்ரிக்ஸ், 4 கிரெடிட், 71. பொது நிதிக்கும் பன்னாட்டுப் பொருளியலுக்கும் கீழே, அதே வரிசையில், அதே எழுத்தில்.

பஸ்ஸில் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தீர்மானத்தின் எண்ணைக் கேட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்தே அனுப்பினேன்.