கிரெனடா பயணம்: சுற்றுலாப் பேக்கேஜில் எதை வைப்பது, எதை வெளியே விடுவது

கரீபியத் தீவான டிரினிடாடில் வேலை நிமித்தம் குடியிருக்கும் நாங்கள் மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு பக்கத்துத் தீவு நாடான கிரெனடாவுக்குப் போய்வரத் தீர்மானித்திருக்கிறோம். போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் கிரெனடாவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர்தான். டிரினிடாடின் பியார்கோ விமான நிலையத்தில் விமானம் மேலேறி நேரானதும் இறங்கத் தொடங்கிவிடும். இத்தனை பக்கத்தில் இருக்கும் தீவுக்கு, விமானம், அறை, உணவு என்று எல்லாவற்றையும் ஒரே விலைக்குச் சேர்த்து விற்கும் பேக்கேஜ் எதற்கு என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எந்தப் பேக்கேஜ் நல்லது என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பக்கத்துத் தீவுக்குப் போகிறவர்கள் விற்பனைக்கு வரும் பேக்கேஜை அப்படியே வாங்கக் கூடாது. விமானம், அறை, காலை உணவு மூன்றும் அதற்குள் இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும் என்பதுதான் விசாரித்துப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு.

பேக்கேஜ் எதற்கு என்பதை டிரினிடாடில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே பல ஆண்டுகளாகவே அமெரிக்க டாலருக்குத் தட்டுப்பாடு நிலவுகிறது. வங்கியில் கேட்ட தொகை கிடைப்பதில்லை. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, அந்த வரம்பும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஹோட்டலை நாமே இணையத்தில் பதிவு செய்தால் வரம்பின் பெரும்பகுதி அறை வாடகைக்கே கரைந்துவிடும். உள்ளூர்ப் பயண முகவரிடம் விமானத்தையும் அறையையும் சேர்த்து வாங்கும்போது டிடி டாலரிலேயே (டிரினிடாட் நாணயத்திலேயே) கட்ட முடிகிறது. கார்டில் இருப்பது அங்கே போன பின் செலவுக்கும், எதிர்பாராமல் ஏதாவது வந்தால் சமாளிப்பதற்கும் மிஞ்சுகிறது. இன்னொரு காரணம் விமானக் கட்டணம். 2020இல் லியட் விமான நிறுவனம் நொடித்துப்போன பிறகு கிழக்குக் கரீபியத் தீவுகளுக்கு இடையே விமானங்கள் குறைந்துபோயின. டிக்கெட்டின் மேல் இரு நாட்டு அரசுகளும் விதிக்கும் வரிகளும் சேர்ந்தால், இவ்வளவு குறுகிய பயணத்துக்கு இத்தனை பணமா என்று மலைப்பாகத்தான் இருக்கும். அறையோடு சேர்த்து வாங்கும்போது அந்தச் சுமை ஓரளவு குறைகிறது.

ஆனால் நம் மேசைக்கு வரும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் நமக்காகப் போடப்பட்டவை அல்ல. லண்டனிலிருந்தோ டொரான்டோவிலிருந்தோ நெடுநேரம் பறந்து வந்து, குளிரிலிருந்து தப்பி, ஒரே இடத்தில் ஏழு இரவு படுத்து ஓய்வெடுக்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் குடிவகையும் கடற்கரைச் சாய்நாற்காலியும் ஒரே விலைக்குள் அடங்கியிருப்பது பெரிய நிம்மதி. நமக்கு அப்படியில்லை. வெயிலும் கடலும் நமக்குத் தினமும் இருக்கின்றன. ஒரு நீண்ட வார இறுதிக்குப் போகும் நாம், ஹோட்டல் வாசலைத் தாண்டாமல் இருப்பதற்காகக் கூடுதல் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

விலைப்பட்டியலில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் வரும் சிறு எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் அறையோடு காலை உணவு, எம்.ஏ.பி. என்றால் காலையும் இரவும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். எங்களுக்குச் சி.பி. போதும் என்று முடிவு செய்தோம். நாங்கள் தங்க நினைக்கும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம். அதை ஒட்டியே உணவகங்களும் சூப்பர்மார்க்கெட்டும் வங்கியும் இருக்கின்றன, தலைநகருக்குச் செல்லும் முதலாம் எண் மினி பஸ்ஸும் அந்தச் சாலையில்தான் ஓடுகிறது. நடந்துபோகும் தூரத்தில் எல்லாம் இருக்கும் இடத்தில் இரவு உணவை முன்கூட்டியே வாங்கிவைப்பது வீண். தீவின் ஒதுக்குப்புறமான ஒரு முனையில் தங்குவதானால் எம்.ஏ.பி. எடுப்பதில் நியாயம் உண்டு, ஏனெனில் அங்கிருந்து ஒவ்வோர் இரவும் டாக்ஸி வைத்துச் சாப்பிடப் போனால் மிச்சப்படுத்திய பணம் அதற்கே சரியாகப் போய்விடும்.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு அழைத்துச் செல்வதும் பேக்கேஜில் அடக்கம் என்பதைப் பெரிய சலுகையாகச் சொல்வார்கள். அது தீவுக்குத் தீவு மாறும். கிரெனடாவில் மாரிஸ் பிஷப் விமான நிலையம் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது, கிராண்ட் ஆன்ஸ் அங்கிருந்து பத்து நிமிடப் பயணம். இதற்காகப் பேக்கேஜ் விலை கூடினால் அந்த வசதி வேண்டவே வேண்டாம். செயின்ட் லூசியாவில் நிலைமை தலைகீழ். பெரிய விமான நிலையமான ஹெவனோரா தெற்குக் கோடியில் இருக்கிறது, ஹோட்டல்களில் பல வடக்கே ரோட்னி பே பக்கம். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அங்கே போகிறவர்கள் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்பதைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

தேதியைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை குளிர்நாட்டவர் வரும் காலம், அறை வாடகை உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் கிரெனடாவின் ஸ்பைஸ்மாஸ் திருவிழா. அப்போது டிரினிடாடிலிருந்தே கூட்டம் கிளம்பும், டிக்கெட் கிடைப்பதே அரிது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகவே மே மாதத்தின் கடைசி நாட்கள் எங்களுக்கு வாகாக அமைந்தன. வாடகை இறங்கியிருக்கும், புயல் காலம் தொடங்கியிருக்காது. டிரினிடாடில் மே 30 இந்தியர் வருகை நாள், அரசு விடுமுறை. கிரெனடாவில் அன்று விடுமுறை கிடையாது. அங்கே முதல் இந்தியர்கள் வந்திறங்கியது 1857 மே 1. இந்த வேறுபாடு திட்டமிடுகிறவர்களுக்கு மிகவும் உதவும். கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாள் விடுமுறை எப்போதும் வியாழக்கிழமையில் வருவதால், வெள்ளியன்று விடுப்பு எடுத்தால் நான்கு நாள் சேர்ந்துவிடும் என்று பலர் அதற்கே டிக்கெட் போடுகிறார்கள். அது கிரெனடாவிலும் விடுமுறை நாள் என்பதால் போய் இறங்கும் அன்றே கடைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும். நமக்கு மட்டும் விடுமுறையாக இருந்து, போகும் தீவில் வேலை நாளாக இருக்கும் தேதியே சிறந்தது.

வேலை நாள் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பதற்குக் காரணம் ஜாதிக்காய். மேற்குக் கடலோரத்தில் குவாவ் என்ற மீனவர் ஊரில் ஜாதிக்காயைப் பதப்படுத்தும் கூடம் ஒன்று இருக்கிறது. மரத்தாலான பழைய மாடிக் கட்டடம். விவசாயிகள் கொண்டுவந்து போடும் கொட்டைகளை அகன்ற தட்டுகளில் பரப்பி வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். பிறகு ஓடு உடைத்து, பருப்பைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். அடியில் அமிழ்பவை முதல் தரம், சமையலுக்குப் போகும்; மிதப்பவை எண்ணெய்க்கும் மருந்துக்கும் போகும். பெண்கள் வரிசையாக அமர்ந்து கையாலேயே தரம் பிரிக்க, சாக்குகளின் மேல் அச்சுத்தகடு வைத்து ஊர்ப் பெயர்களை மையால் எழுதுகிறார்கள். 1843 வாக்கில் அங்கே கொண்டுவரப்பட்ட இந்த மரத்தின் காய் அந்நாட்டுக் கொடியிலேயே இடம்பிடித்திருக்கிறது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் தீவின் ஜாதிக்காய்த் தோப்புகளில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும். அதுவும் ஆண் மரமா பெண் மரமா என்பது பூத்த பிறகுதான் தெரியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் கூடத்துக்குள் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குழந்தைப் பேற்றுக்குப் பின் அரைத்துக் கொடுத்த ஜாதிக்காயை நினைவில் வைத்திருக்கும் என் மாமியாருக்கும் அதே ஆசை. பேக்கேஜோடு இலவசமாகத் தரும் தீவுச் சுற்றுலா ஞாயிறன்று வருகிறது. அன்று அந்தக் கூடம் இயங்காது, வெளியே நின்று கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். அதனால் அந்த இலவசத்தை விட்டுவிட்டோம்.

அதற்குப் பதில் ஒரு வேலை நாளில் ஓட்டுநரோடு கார் அமர்த்திக்கொண்டு, மேற்குக் கரையோரமாக குவாவ், வடக்கே சோட்டர்ஸ், அங்கிருந்து கிழக்கே இறங்கி 1785 முதல் நீர்ச்சக்கரத்தால் கரும்பு பிழியும் ரிவர் ஆன்ட்வான் சாராய ஆலை, பிறகு மலையேறி கிராண்ட் எட்டாங் எரிமலை ஏரி என்று ஒரு வட்டம் அடிப்பது திட்டம். தீவின் நீளம் 34 கிலோமீட்டர்தான் என்று ஏமாந்துவிடக் கூடாது, வளைவுகள் அதிகம். காலையில் சீக்கிரம் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் திரும்ப முடியும். கார் ஓட்டுவதும் டிரினிடாடைப் போலவே இடப்பக்கம்தான், ஆயினும் அந்தப் பாதைகளில் பழக்கமில்லாமல் நாமே ஓட்டுவதை நான் விரும்பவில்லை.

டிரினிடாடிலேயே இருப்பதைப் பார்க்க அங்கே நேரம் செலவழிக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். லெவெரா கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைக் காட்டும் இரவுப் பயணத்தைப் பேக்கேஜ்காரர்கள் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். டிரினிடாடின் கிராண்ட் ரிவியேர், மத்துரா கடற்கரைகளில் அதே பேராமைகள் நம் காலடியிலேயே வந்து முட்டையிடுகின்றன. தெளிந்த நீர்தான் நம்மிடம் இல்லாதது. ஒரினோகோ ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டலால் டிரினிடாடைச் சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் கலங்கியே இருக்கும். கிரெனடாவின் மேற்குக் கரையில் மோலினியர் விரிகுடாவில் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006இல் தொடங்கிய நீரடிச் சிற்பப் பூங்கா இருக்கிறது. கைகோத்து வட்டமாக நிற்கும் குழந்தைச் சிலைகளின் மேல் பவளமும் கடற்பஞ்சும் வளர்ந்துவருகின்றன. ஆழம் குறைவு என்பதால் முகமூடி அணிந்து மிதந்தபடியே பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு. இதற்குப் பணம் தாராளமாகச் செலவழிக்கலாம்.

"ஏம்மா, அங்க எனக்குச் சாப்பிட என்ன கிடைக்கும்?" என்று கேட்டார் மாமியார். அவர் சுத்த சைவம். அந்நாட்டுத் தேசிய உணவான ஆயில் டவுன் என்பது சீமைப்பலாவையும் சேம்பு இலையையும் மஞ்சளையும் தேங்காய்ப்பாலில் போட்டு, பால் வற்றி எண்ணெய் பிரியும் வரை வேகவைப்பது. கேட்கும்போதே நமக்குப் பழகிய வாசனை வருகிறது, ஆனால் அதில் உப்பிட்ட இறைச்சியோ கருவாடோ சேர்ப்பார்கள். ராஸ்தாஃபரி என்ற கரீபியச் சமயப் பிரிவினர் நடத்தும் ஐட்டல் எனப்படும் உணவுக் கடைகளில் இறைச்சி சேர்க்காமல் சமைப்பார்கள், அங்கே முதியவர்களையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். ரொட்டியும் கிடைக்கும். பேக்கேஜில் மூன்று வேளை உணவையும் வாங்கியிருந்தால் இந்தக் கடைகளின் பக்கமே போயிருக்க மாட்டோம்.

வீட்டிலிருந்து மின்சார குக்கர் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரினிடாடில் 115 வோல்ட். கிரெனடாவில் 230 வோல்ட், சதுர முள் மூன்று கொண்ட பிளக். இங்கே வாங்கிய குக்கரை அங்கே செருகினால் புகைந்துவிடும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இங்கே பயன்படாமல் மூலையில் கிடக்கும் சிறு குக்கர், அடாப்டர் ஒன்று வாங்கிவிட்டால், அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

விலையைப் பற்றிச் சில சொற்கள். பட்டியலில் இருக்கும் தொகை ஒருவருக்கு, அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். தனி அறை கேட்கும் முதியவருக்கு விலை வெகுவாகக் கூடும். மதிப்புக்கூட்டு வரியும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கிழக்குக் கரீபிய டாலர் 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருக்கிறது. நம் கணக்குக்கு ஒரு இ.சி. டாலர் ஏறத்தாழ இரண்டரை டிடி டாலர். கடையில் விலை சொல்லும்போது எந்த டாலர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தெற்கே இருப்பதால் கிரெனடாவுக்குப் புயல் வராது என்று சொல்லி ஜூலை, செப்டம்பர் பேக்கேஜ்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஐவனைச் சொன்னேன், 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அந்நாட்டைச் சேர்ந்த கரியாகூ தீவின் மேல் நான்காம் வகைச் சூறாவளியாகவே கரையேறி, வீடுகளில் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. அந்த மாதங்களில் போகிறவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்புமா, அல்லது வேறு தேதிக்கு மாற்ற மட்டும் முடியுமா என்பதைக் கேட்க வேண்டும். காப்பீடு எடுப்பதானால் பேக்கேஜ் வாங்கும் அன்றே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது.

எங்கள் பேக்கேஜில் இன்னும் முடியாமல் இருப்பது மாமியாரின் பயண ஆவணங்கள். முகவர்கள் எல்லோரையும் கரிகாம் (கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களாகவே எண்ணிப் பேசுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருப்பவருக்குக் கிரெனடாவில் நுழைவதற்கான விதிகளை மட்டும் பார்த்தால் போதாது. டிரினிடாடுக்குத் திரும்பி நுழையும்போது அவருக்கு மீதம் எத்தனை நாள் அனுமதி கிடைக்கும் என்பதையும் குடிவரவுத் துறையிடம் கேட்டிருக்கிறோம். எழுத்தில் பதில் வந்ததும், விமானம், சி.பி. அறை, நாங்கள் தேர்ந்தெடுத்த தேதி ஆகியவை அடங்கிய புதிய விலைப்பட்டியலுக்கு முன்பணம் கட்டுவோம்.