முதியோர் இல்லத்து அறிவிப்புப் பலகை: மூன்றாவது முயற்சியில்தான் புள்ளி தெரிந்தது

நேற்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, எட்டடி தள்ளி இருந்தபடியே "இன்னைக்கு வியாழக்கிழமை, ராத்திரிக்கு இட்லி, வெங்காயச் சட்னி" என்று பலகையைப் படித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே படித்தார். நாலு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன், வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரம் பக்கத்து இல்லம். முப்பது பேருக்குக் கொஞ்சம் அதிகம், அதில் பாதிப் பேர் சக்கர நாற்காலி அல்லது வாக்கர். முதல் பலகையை வழக்கம்போல நான் நின்று பார்க்கிற உயரத்தில் அடித்தேன், அது சமையல்காரருக்கும் எனக்கும் மட்டுமே பயன்பட்டது. பிறகு நானே ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டேப் வைத்து அளந்தேன், கண் மட்டம் மூன்றடி எட்டு அங்குலம்தான் வந்தது. இப்போது பலகையின் கீழ் ஓரம் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. நிற்பவர்கள் கொஞ்சம் குனியட்டும்.

இரண்டாவது பலகை கெட்டது நிறத்தால். வெளிர் பச்சை சார்ட்டில் கருநீல எழுத்து, என் கண்ணுக்கு அவ்வளவு அழகு. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிப் போவதால் நீலமும் பச்சையும் ஊதாவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, அந்தப் பலகை அவர்களுக்கு ஒரே மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. அதோடு லேமினேஷன் வேறு, எதிரே டியூப் லைட்! நடுவில் ஒரு வெள்ளைக் கோடு பளபளத்துக்கொண்டே இருந்தது. சரி என்று ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால் கடைக்காரர் அதையும் பளபளப்பாகவே கொடுத்து, 'சிற்றுண்டி'யில் ஒற்றெழுத்தையும் விழுங்கியிருந்தார். பணம் போனதுதான் மிச்சம். இப்போது லேமினேஷனே கிடையாது, வெளிர் மஞ்சள் சார்ட், கறுப்பு எழுத்து, அழுக்கானால் மாற்றிவிட வேண்டியதுதான்.

இனி எழுத்து. நாலு மாதத்தில் மூன்று மாதத்தைத் தின்றது இதுதான். பெரிதாக அச்சிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், தமிழுக்கு அது போதாது. எழுத்து இரண்டு அங்குலம் இருந்தாலும் மேலே புள்ளி கடுகு அளவுக்குத்தான் வரும், கண்புரை இருக்கிறவர்களுக்கு அது மறைந்தே போகும். புள்ளி தெரியட்டும் என்று தடித்த எழுத்துருவுக்குப் போனேன். உடனே 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டன, 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மெல்லிய எழுத்தில் புள்ளி போகிறது, தடித்ததில் சுழி போகிறது. ஏழெட்டு எழுத்துருக்களை அச்சிட்டு வராந்தா சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஸ்டிக்கர் பொட்டு. நடுத்தரத் தடிமனில் எழுத்தை அச்சிட்டு, எழுத்துகளுக்கு இடையில் நல்ல இடைவெளி விட்டு, அச்சில் வந்த புள்ளியின் மேலேயே கறுப்பு வெல்வெட் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுகிறேன். வெல்வெட் என்பதால் வெளிச்சம் பட்டாலும் மின்னுவதில்லை. இரண்டு அங்குல எழுத்துக்கு ஏழு, எட்டு மில்லிமீட்டர் பொட்டு சரியாக இருக்கிறது, அதற்கு மேல் போனால் புள்ளியே ஓர் எழுத்து மாதிரி ஆகிவிடுகிறது. பொட்டின் சொந்தப் பசை ஒரு வாரம்கூடத் தாங்காது, பின்னால் ஒரு துளி ஃபெவிகால் வைத்தால் நிற்கும். பொட்டு ஒட்டுகிற வேலையை இப்போது இரண்டு பாட்டிகள் எடுத்துக்கொண்டார்கள், என்னைவிட நேராக ஒட்டுகிறார்கள்.

குண்டூசி, தம்ப் பின் எதுவும் கிடையாது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் இருக்கிற இடம். குட்டிக் காந்தமும் வேண்டாம், மறதி நோய் உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொண்டால் பெரிய ஆபத்து. சாஃப்ட் போர்டின் மேல் ஃபெல்ட் துணியை இழுத்துக் கட்டி, அட்டைகளின் பின்னால் வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தை ஒட்டியிருக்கிறேன். சார்ட்டும் அட்டையும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் நல்ல விலை. ஃபெல்ட்டை மட்டும் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், மெல்லியதில் வெல்க்ரோ பிடிக்காது.

'இன்று' பகுதியில் கிழமை, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி மூன்றும் உண்டு. தேதி அட்டைகளை 31 வரைதான் வெட்டியிருந்தேன். ஆனி முடிகிற அன்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா என்னைக் கூப்பிட்டு, "முப்பத்திரண்டு எங்கே தம்பி?" என்றார். தமிழ் மாதத்துக்கு 32 நாள் வருவதுண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றே வெட்டிக் கொடுத்தேன், அன்றிலிருந்து காலையில் தேதி மாற்றுகிற பொறுப்பு அவருடையது. ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். மறதி உள்ளவர் நேற்றைய கிழமையை நம்பிக்கொண்டு, நேற்றே வந்துபோன மகனுக்காக வாசலில் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். பழைய தேதி தொங்குவதைவிடப் பலகை வெறுமையாக இருப்பதே மேல்.

பக்கத்தில் ஒரு கேள்வி அட்டை. தூக்கினால் அடியில் பதில் இருக்கும். போன வாரம் "ஒரு ரூபாய்க்கு எத்தனை அணா?" என்று போட்டேன். 16 என்று யாரும் அட்டையைத் தூக்காமலே சொல்லிவிட்டார்கள், ஆனால் 1957இல் நயா பைசா வந்தபோது மீதிச் சில்லறையில் ஏமாந்த கதைகள் சாப்பாடு ஆறும்வரை ஓடின. அடுத்து "ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?" போடலாம் என்றிருந்தேன். 8 என்று எழுதிவிடலாம், ஆனால் பட்டணம் படியும் அவரவர் ஊர்ப் படியும் ஒரே அளவில்லையே, சண்டை வருமோ என்று மேற்பார்வையாளர் அக்கா யோசிக்கிறார். வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறந்தநாள் பகுதி இன்னும் பாதியில் நிற்கிறது. பலருக்கு மாதமும் நட்சத்திரமும்தான் தெரியும், ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி. அதனால் சித்திரையிலிருந்து பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, நட்சத்திரத்தோடு எழுதப் போகிறேன். கீழ் ஓரத்தில் முதியோர் உதவி எண் 14567, அதற்கு மட்டும் மூன்று அங்குல எண்கள்.

அதற்குள் ஆடி 18 வந்துவிடும். ஒவ்வொருவரும் சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்குப் போன ஆற்றின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை காவிரி ஒன்பது, பாலாறு நாலு, தாமிரபரணி இரண்டு, வைகை ஒன்று. 'தாமிரபரணி' ஒரே வரியில் அடங்கவில்லை, அட்டையை இன்னும் நாலு அங்குலம் நீளமாக வெட்ட வேண்டும்.