கண்ணாடி சேரும் இடங்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கண்ணாடிச் சாமான்களைப் பழக்கிவிடும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். கூம்புக் குடுவையைக் கையில் எடுத்ததும் எமில் எர்லன்மேயரைப் பற்றிச் சொல்லிவிடுவேன். 1860-இல் அவர் அறிமுகப்படுத்திய வடிவம் அது. அகன்ற அடி, குறுகிய கழுத்து, சுழற்றினாலும் சிந்தாது. இத்தனை காலத்தில் அதில் திருத்த யாருக்கும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. பீக்கரும் அப்படித்தான். மாறியதெல்லாம் வேறு இடங்களில்: கண்ணாடியோடு கண்ணாடி சேரும் இடம், ரப்பர் சேரும் இடம், நம் கையும் வாயும் படும் இடம். என் வேலையை லேசாக்கிய மாற்றங்கள் எவையென்று யோசித்தால், அநேகமாக எல்லாமே இந்தச் சேருமிடங்களில் நடந்தவை.

கண்ணாடியின் சரக்கே மாறியது நான் வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போரோசிலிக்கேட் கண்ணாடியை உருவாக்கினார். 1915-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதே வகைக் கண்ணாடியான பைரெக்ஸைக் கொண்டுவந்தது. சாதாரண சோடாக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால் சட்டென்று சூடேறினாலும் எளிதில் விரிசல் விடாது. பழைய கண்ணாடி சூடு தாங்க வேண்டுமென்றால் சுவர் மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லியதென்றால் லேசாக இடித்தாலே உடையும். போரோசிலிக்கேட்டில் சுவரைக் கொஞ்சம் தடிமனாகவே செய்யலாம். சூடும் தாங்கியது, கையாளவும் பயமில்லாமல் போயிற்று.

நான் பார்த்த மாற்றம் தக்கையில் தொடங்குகிறது. திரவத்தைக் காய்ச்சி வடிக்கும் ஒரு வடிகலன் அமைப்பைப் பொருத்த வேண்டுமென்றால் ரப்பர் தக்கையில் துளை போட்டு, கண்ணாடிக் குழாயை அதில் செலுத்த வேண்டும். "தள்ளாதே தம்பி, சுத்து. துணியைச் சுத்திப் பிடி" என்று மூத்த உதவியாளர் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். கிளிசரின் தடவி, தக்கைக்குப் பக்கத்திலேயே குழாயைப் பிடித்து, மெல்லத் திருகிக்கொண்டே உள்ளே விட வேண்டும். தக்கையிலிருந்து தள்ளிப் பிடித்து அழுத்தினால் குழாய் ஒடிந்து, முறிந்த முனை நேரே உள்ளங்கையில் இறங்கும். அப்படிக் கை கிழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வகக் காயம் என்றால் அமிலத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் தக்கையும் குழாயும் செய்த சேதம் அதிகம்.

இதற்கு முடிவு கட்டியது, ஒரு கண்ணாடி முனை இன்னொன்றுக்குள் நேரே பொருந்தும்படி அரைத்துத் தேய்த்த கூம்பு ஜாயின்ட். ஒவ்வொரு 10 மி.மீ. நீளத்துக்கும் விட்டம் 1 மி.மீ. குறையும், எல்லோரும் ஒத்துக்கொண்ட சரிவு அது. ஜாயின்ட்டில் 24/29 என்று பொறித்திருந்தால் அகலமான முனையில் விட்டம் 24 மி.மீ., நீளம் 29 மி.மீ. எந்தத் தயாரிப்பாளரின் குடுவையிலும் இன்னொருவரின் கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குழாய்) போய் உட்காரும். கண்டென்சர் உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், அமைப்பு முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. என் கணக்கில் எந்தப் பெரிய கருவிக்கும் குறைந்ததல்ல இந்த ஒத்துக்கொண்ட அளவு.

அப்புறம் பியூரெட், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் நீண்ட குழாய். நான் அதிக நேரம் நின்றது இதன் முன்னால்தான். திறந்து மூட அடியில் கண்ணாடித் திருகு வைத்த பியூரெட்டில் காஸ்டிக் சோடாவை ஊற்றிவிட்டு மறந்து போனால், காரம் கண்ணாடியை அரித்துத் திருகு இறுகிவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அசையாது. கார்ல் ஃபிரெட்ரிக் மோர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி சொன்னார்: அடியில் ரப்பர் குழாய், அதன்மேல் ஒரு கவ்வி. காரத்துக்கு அது சரி. ஆனால் பெர்மாங்கனேட்டும் அயோடினும் ரப்பரோடு வினைபுரியும், அவற்றுக்குக் கண்ணாடித் திருகுதான் வேண்டும். ஆக, அலமாரியில் இரண்டு வகையும் இருந்தாக வேண்டும். கண்ணாடித் திருகுக்குக் கிரீஸ் வேறு. கூடுதலாகத் தடவினால் அது நழுவிப் போய் முனையை அடைக்கும், குறைத்தால் கசியும். சொட்டு விழாமல் நிற்கும்போது ஊசிபோல் மெல்லிய கம்பியால் முனையைக் குத்திக்கொண்டிருந்த பொழுதுகள் எத்தனையோ.

டெஃப்லான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் செய்த திருகு வந்தபோது இந்த இரண்டு கவலையும் ஒன்றாகத் தீர்ந்தன. கிரீஸ் வேண்டாம், காரமும் பெர்மாங்கனேட்டும் ஒரே பியூரெட்டில் போகலாம். டெஃப்லானைக் கண்டறிந்தவர் ராய் பிளங்கெட், 1938-இல், குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாக. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு: கண்ணாடியைவிடப் பலமடங்கு விரியும், சுருங்கும். குளிர்ந்த அறையில் கசிந்தால் நட்டை லேசாக இறுக்க வேண்டும், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியே வைத்தால் மெல்ல உருக்குலைந்துவிடும். புதியவர்களிடம் இதைச் சலிக்காமல் சொல்வேன். வினை முடிந்ததை ஒரு சொட்டில் காட்ட வேண்டிய நிறமாற்றத்தைக் கசிவு கெடுத்துவிடும், துல்லியம் மிகுந்த 50 மி.லி. ஏ வகுப்பு பியூரெட்டின் அனுமதிக்கப்பட்ட பிழையே 0.05 மி.லி.தான், ஏறக்குறைய ஒரு சொட்டு.

திரவத்தை அளந்து எடுக்கும் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சிய காலம் முடிந்ததைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது முடிந்ததில் எனக்கு அளவற்ற நிம்மதி. வாய்க்குப் பதிலாக உறிஞ்சும் ரப்பர் குமிழ் மெதுவாகத்தான் வேலை செய்யும், கை பழகவும் நேரம் எடுக்கும். இருந்தாலும் அவசரம் என்று வாயை வைக்க யாரையும் நான் அனுமதிப்பதில்லை.

இன்னும் சரியாகாத ஓர் இணைப்பு உண்டு: கண்டென்சரில் தண்ணீர்க் குழாய் மாட்டும் கண்ணாடி மூக்கு. நாள்பட்ட ரப்பர் அதில் இறுகிப் பிடித்திருக்கும். இழுத்தால் மூக்கு ஒடியும், கையும் அறுபடும். பிளாஸ்டிக் திருகு மூக்கு வைத்த கண்டென்சர்கள் கிடைக்கின்றன. திருகைக் கழற்றினால் ரப்பரோடு மூக்கும் தனியே வந்துவிடும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் கூடுதல் விலைதான். வாங்கும் பட்டியலில் அதைத்தான் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவை வந்து சேரும்வரை பழைய ரப்பரை இழுக்க வேண்டாம், மூக்கிலிருந்து வெளிப்பக்கமாக நீளவாக்கில் கத்தியால் கீறி எடுங்கள்.