கேட்கத் தெரியாத பிள்ளைக்கு டே கேர் தேடியபோது

ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தையை டே கேரில் விடப் போகிறவர்கள், பணம் கட்டும் முன்பு இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

திருப்பூர்ப் பக்கம் கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் குடும்பம் ஓட்டுவது கஷ்டம். நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் நேரத்தில் அரைநாள் லீவு கேட்பதே பெரிய காரியம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி; ஓடுகிற பிள்ளையை அம்மிச்சியால் துரத்திப் பிடிக்க முடியாது. மகனுக்கு இப்போது மூன்றரை வயது. பேச்சு இன்னும் வரவில்லை. பசித்தாலும் தாகம் எடுத்தாலும் வந்து கேட்க மாட்டான். டே கேர்களில் நாங்கள் பட்ட பாடெல்லாம் இதைப் புரிந்துகொள்ளாதவர்களிடம் பட்டதுதான்.

முதலில் சேர்த்தது மெயின் ரோட்டில் இருந்த பெரிய இடம். ஆட்டிசம் என்று முதல் நாளே சொல்லித்தான் சேர்த்தோம். "எங்களுக்கு எல்லாக் குழந்தையும் ஒண்ணுதானுங்க" என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்தது. அட்மிஷன் பணம், டெபாசிட், மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கட்டினோம். மொபைலில் கேமரா பார்க்கலாம் என்றார்கள். கேமரா ஹாலில் மட்டும்தான். சாப்பிடும் இடத்திலும் தூங்கும் அறையிலும் கிடையாது.

சில வாரங்களில் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் நிரப்பி அனுப்பிய வாட்டர் பாட்டில் மாலையில் அதே கனத்தோடு திரும்பி வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் டம்ளர் டம்ளராகத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். மலச்சிக்கல் வேறு. ஒரு நாள் காலை டயபரின் ஓரத்தில் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். மாலை அவிழ்த்தால் அதே புள்ளி. நாள் முழுக்க ஒரே டயபர், தொடையெல்லாம் சிவந்து கிடந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். அங்கிருந்த மிஸ் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "அவன் கேக்கவே இல்லீங்களே அக்கா." பேசாத பிள்ளை எப்படிக் கேட்பான்? பொறுப்பாளர் வந்து, "ரொம்ப நல்ல பையனுங்க, ஒரு தொந்தரவும் இல்ல, செல்போனக் குடுத்தா ஒரு மூலைல உக்காந்துக்குவான்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எல்லாக் குழந்தையும் ஒன்று என்று அவர்கள் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. அழுகிற பிள்ளையிடம் போவார்கள். அழாத பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வேறு இடம் பார்ப்பதற்குள் அவர்களே முடித்துவைத்தார்கள். ஆண்டு விழா ஒத்திகை, பெரிய ஸ்பீக்கர். காதைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறான், கையைக் கடித்திருக்கிறான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளியிருக்கிறான். கம்பெனிக்குப் போன்: "உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க, நாளையிலிருந்து வேண்டாம்." டெபாசிட்டைக் கேட்டதற்கு, திருப்பித் தருவதில்லை என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது என்றார்கள்.

அப்புறம் ஏறி இறங்கிய இடங்களில் ஒன்றில், பிள்ளை கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஷேடோ டீச்சரை நாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கணக்குப் போட்டால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். இன்னொரு இடத்தில், ஊனச் சதவீதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதற்கான யு.டி.ஐ.டி. கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பிக்க மகனின் ஆதார் வேண்டும். ஆதார் எடுக்கப் போனால் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, வெறும் 'ஆண் குழந்தை'. பிரசவம் அம்மா வீட்டில், ஈரோட்டில். பிறப்பைப் பதிந்த இடத்தில்தான் பெயரையும் பதிய வேண்டும் என்பதால் அங்கே ஓடினோம். உங்கள் பிள்ளையின் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெயர் சேர்க்க 15 வயது வரை வழி உண்டு, ஆனால் முதல் ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

சான்றிதழுக்காக சைக்காலஜிஸ்ட் செய்த பரிசோதனை சிரமமில்லாமல் முடிந்தது. ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல், 40 கேள்விகள், மொத்த மதிப்பெண் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கணக்கு. பிள்ளை வீட்டில் செய்வதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது அறையில் அவன் எதையும் காட்ட மாட்டான்.

இவ்வளவும் வாங்கிக்கொண்டு போய் நின்றால், "சர்டிபிகேட் இருக்கற குழந்தைய நாங்க எடுக்கறதில்லீங்க" என்றார்கள். கேட்டவர்களும் அவர்களே! 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. அதில் வரும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அதைச் சொன்னேன். "நாங்க ஸ்கூல் இல்லீங்களே" என்று முடித்துவிட்டார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் டே கேர் பலவும் இப்படி ஸ்கூல் இல்லை என்று சொல்லித்தான் ஓடுகின்றன.

சான்றிதழ் வீண் போகவில்லை. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தோம். ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் ஒரு வரம்புக்குள் வரும், பில்களை மட்டும் பத்திரமாக வைக்க வேண்டும். ஊனச் சதவீதம் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெற்றோருக்கு வருமான வரியில் குறைந்தது 75,000 ரூபாய் கழிவு உண்டு. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அது கிடையாது, மாறும் முன் யோசியுங்கள்.

கம்பெனிக் காப்பகத்தையும் பார்த்தோம். 50 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எங்களுடையது தையல் செக்ஷனுக்குப் பக்கத்தில். மெஷின் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை. சத்தம் ஒத்துவரும் பிள்ளை என்றால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் கிடைத்தது, ரிட்டயர் ஆன பால்வாடி டீச்சர் ஒருவரின் வீடு. போர்டு கிடையாது, கேமரா கிடையாது, மொத்தமே கையளவு பிள்ளைகள். நான் ஆட்டிசம் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கேட்டார்: "ஏனுங் கண்ணு, தண்ணி வேணும்னா பையன் என்ன பண்ணுவான்?"

அத்தனை இடங்களில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாகம் எடுத்தால் சமையலறை வாசலில் நிற்பான். பசித்தால் சட்டைக் காலரைக் கடிப்பான். திரைச்சீலைக்குப் பின்னால் போனால் டயபரைப் பார்க்க வேண்டும். மேஜைக்கு அடியில் புகுந்தால் இழுக்கக் கூடாது, சத்தத்தைக் குறைத்தால் தானே வருவான். அரிசிம்பருப்பு சாதம் மட்டும்தான், தாளிப்பு கண்ணில் படக் கூடாது. அந்தத் தாளை அவர் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறார். மணிக்கு ஒருமுறை அவராகவே தண்ணீர் கொடுக்கிறார். ஸ்பீச் தெரபிஸ்ட் தந்த பட அட்டைகளில் ஒரு செட் அங்கேயும் இருக்கிறது. வீட்டிலும் அங்கேயும் ஒரே அட்டை இருப்பது முக்கியம். நீங்களும் இப்படி ஒரு தாள் எழுதுங்கள். கொடுக்கும்போது அதைப் படிக்கிறார்களா, மடித்து டிராயரில் போடுகிறார்களா என்று கவனியுங்கள். மடித்துப் போட்டால் அடுத்த இடம் பாருங்கள்.

போன மாதம் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் நடந்துகொண்டிருந்தபோது டீச்சரிடமிருந்து போன். பயந்து வெளியே ஓடிப்போய் எடுத்தேன். "தண்ணி அட்டைய எடுத்து என் கையில குடுத்துட்டான் கண்ணு!" என்றார். சரக்கு வாங்கும் பையர் உள்ளே காத்திருந்தார். நான் அங்கேயே நின்று அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

முதல் இடத்தின் டெபாசிட் பாக்கி இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு பாதியைத் தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. ரசீது அசல், படிவ நகல், அந்தச் சிவந்த தொடையின் போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில் எடுத்துவைத்திருக்கிறேன்.