ரன் கெபாசிட்டரும் வால்வு ஆம்ப்ளிஃபையரும்

என் வால்வு ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் நிற்பது மோட்டார் ரன் கெபாசிட்டர், அதாவது மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அதனுடன் இணைந்தே இருப்பதற்காகச் செய்த கெபாசிட்டர். 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி என்று அச்சடித்த அலுமினிய டப்பா. எங்கோ ஒரு தொழிற்சாலையில் தேவைக்கு மேல் வாங்கி, பிரிக்காமலே கழித்துவிட்ட சரக்கு. பார்க்கிறவர்களுக்கு ஏர்கண்டிஷனர் கம்ப்ரஸர்தான் ஞாபகம் வருகிறது. வரட்டுமே.

டப்பாவுக்குள் இருப்பது உலோகம் பூசிய பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம். ஆடியோவுக்கென்றே தங்க எழுத்து போட்டு விற்கிற பலவற்றிலும் அதே பிளாஸ்டிக்தான். 440 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 620 வோல்ட் என்பதால் என் 400 வோல்ட் டிசி அதற்குச் சாதாரணம். ஃபிலிமில் ஓரிடம் பொத்துக்கொண்டால் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்தப் பழுது தனியே துண்டிக்கப்பட்டுவிடும். வழக்கமான எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் மாதிரி உள்ளே காய்ந்துபோக எலக்ட்ரோலைட் என்ற திரவமும் இல்லை. இதற்காகத்தான் போட்டேன். சத்தம் மாறியதா என்றால், என் காதுக்கு இல்லை.

ஏசியை டிசியாக்க வால்வு ரெக்டிஃபையர் வைத்திருப்பவர்கள் கெபாசிட்டரின் மதிப்பைப் பார்த்துப் போடவும். ஜிஇசட்34 வால்வுக்கு அடுத்து வரும் முதல் கெபாசிட்டர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரிலும் இவை நன்றாகப் பொருந்தும். பெட்டிக்குள் இடம் இருக்கிறது, அப்புறம் என்ன? ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங்குக்கு மட்டும் நான் போடுவதில்லை. அங்கே வேண்டியதோ 0.1, 0.22 மைக்ரோஃபாரட், வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட் முனைக்குப் பக்கத்தில் இத்தனை பெரிய உலோக உடம்பை நிறுத்தினால் ஹம் என்ற இரைச்சலைத்தான் பிடித்துத் தரும்.

வாங்கும்போது ரன், ஸ்டார்ட் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஸ்டார்ட் கெபாசிட்டர் எலக்ட்ரோலைட்டிக் வகை, மோட்டாரைக் கிளப்பும் சில விநாடி வேலைக்கு மட்டும் செய்தது. அதைத் தொடர்ந்து மின்சாரத்தில் வைத்தால் வெடிக்கக்கூடும். மெஷினிலிருந்து கழற்றிய ரன் கெபாசிட்டர் என்றால் மீட்டரில் அளந்து, குறிப்பிட்ட மதிப்பைவிட நன்றாகக் குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுவேன். 1980களுக்கு முந்தைய எண்ணெய் நிரப்பிய கெபாசிட்டர் டப்பாக்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடுவதில்லை. அந்த எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. கசிந்தால் கையிலும் மேஜையிலும் ஒட்டும்.

முனைகளுக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று அவசியம். 400 வோல்ட்டில் 50 மைக்ரோஃபாரட் என்றால் உள்ளே சேர்ந்திருப்பது 4 ஜூல் மின் ஆற்றல். ஃபிலிமில் கசிவு மிகக் குறைவு, ஆம்ப்ளிஃபையரை அணைத்த பிறகும் அது அப்படியே காத்திருக்கும். ரெசிஸ்டர் இருந்தால் ஒரு நிமிஷத்தில் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.