இடது கதவு

மார்ச் 3
ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டில் ஃபைபர் பாடி ஏற்றிய போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் நகல் கார் இது. இடது கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 6. வலது கதவில் மேலும் கீழும் 4. 356 ஸ்பீட்ஸ்டரைப் பார்க்கிற கண் முதலில் இந்தக் கோட்டில்தான் போய் நிற்கும்.

மார்ச் 4
கீலில் குற்றமில்லை. பீட்டிலின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2400 மி.மீ., 356க்கு 2100. அடித்தட்டில் 300 மி.மீ. வெட்டி எடுத்து வெல்டிங் செய்த இடம் துளி தொய்ந்தாலும் பாடியின் நடு இறங்கும். கதவின் மேல் இடைவெளி சுருங்கும், கீழே விரியும். கதவை வளைத்துச் சரிசெய்வது ஏமாற்று வேலை. கதவுக்கு நேர்கீழே உள்ள பாடி போல்ட்டுகளைத் தளர்த்தி ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைக்க வேண்டும். நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

மார்ச் 5
1.5 மி.மீ. ஷிம். மேலே 3.5, கீழே 5.

மார்ச் 9
பாலிஷ். ஃபைபர் பாடி, இரும்பைப் போலச் சூட்டைக் கடத்தாது. மெஷின் ஒரே இடத்தில் நாலு நொடி கூடுதலாக நின்றால் சூடு அங்கேயே தேங்கி, பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் கருகிவிடும். இரும்புக்கான பெயிண்ட் கனமானி இதில் எண்ணே காட்டாது, மீதி எவ்வளவு என்று தெரியாமலே தேய்க்கிறோம். அதனால் மட்கார்டு முகடு, கதவு விளிம்பு, ஹெட்லைட் வளையம் எல்லாவற்றிலும் முதலில் டேப். நடுப்பரப்பில் 2000ஆம் எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, பிறகு இன்னும் மென்மையான 3000, பிறகு பாலிஷ் பசையான காம்பவுண்ட். டேப்பை எடுத்தபின் முகடுகளுக்குக் கை மட்டுமே, மைக்ரோஃபைபர் துணி, நீளவாக்கில். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சுழிசுழியாகத் தெரியும்.

போனட்டில் மதிய வெயிலில் நார்ப்பின்னல் தடம் மங்கலாக எழும்புகிறது. ரெசின் இன்னும் சுருங்குகிறது என்று அர்த்தம். இப்போது தேய்த்தால் மறுபடி எழும்பும். காத்திருக்க வேண்டும். மெழுகும் வேண்டாம்.

மார்ச் 10
பின்விளக்கு மங்கல். மூலக் காரில் இரும்பு பாடியே எர்த். ஃபைபரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்தாக வேண்டும். இழுத்ததும் பளிச்.

மார்ச் 13
தேன்கூடு வடிவப் பின்விளக்கா, கண்ணீர்த்துளியா? முன்னது 1957க்கு முந்தைய கார்களுக்கு, பின்னது கடைசிக் கார்களுக்கு. எதுவானாலும் சரி, இரண்டு காலத்தையும் ஒரே காரில் கலக்கக் கூடாது. 1955 என்றால் எல்லாம் 1955. தேன்கூடுதான்.

மார்ச் 14
போர்ஷே முகப்புச் சின்னம் இன்னும் டிராயரில்.

மார்ச் 17
கண்ணாடிச் சட்டத்தில் ஸ்டார் ஸ்க்ரூ, மூலக் காரில் இல்லாதது. எல்லாவற்றையும் கழற்றி மைனஸ் தலை ஸ்க்ரூ போட்டாயிற்று. டிரைவரின் முனை பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும்; சிறிதானால் வழுக்கி குரோமைக் கீறும். இந்தப் பன்னிரண்டு ஸ்க்ரூ மாறியதும் முகமே மாறிவிட்டது. மனசு நிறைந்தது.

சக்கரம் மாற்ற வேண்டியதில்லை: 1967 வரையான பீட்டிலின் 5 போல்ட், அவை அமர்கிற வட்டம் 205 மி.மீ., 356லும் அதேதான்.

மார்ச் 18
சின்னம் வேண்டாம். வளைவும் இடைவெளியும் ஸ்க்ரூவும் உண்மையாக இருக்கலாம், சின்னம் பொய். சேஸிஸ் எண் பீட்டிலுடையது. ஆவணத்திலும் அதுவே இருக்கட்டும், கேட்பவருக்கும் அதையே சொல்ல வேண்டும்.

மார்ச் 20
2 மி.மீ. ஷிம். மேலே 4, கீழே 4.5. போல்ட்டை முறுக்கியதும் மேலே 3.5, கீழே 5. அடித்தட்டுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் அமுங்குகிறது. எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கி, இரண்டு நாள் விட்டு அளக்க வேண்டும்.

மார்ச் 22
மேலே 3.8. கீழே